ஒய்க்குப் பதிலா என்ன போடணும் சார்?

கணக்கு ட்யூஷன் எடுப்பவனை ஊரில் யாரும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதில்லை, "பாஸ் ஆயிடுமா?" என்றுதான் கேட்பார்கள். எக்ஸ், ஒய்யைப் பார்த்து மிரண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். கஸ்தூரியை உங்களுக்குப் பிடிக்கும்.

பத்து சமம் பத்து

திருத்தணியில், பத்தாவது தவறியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். கஸ்தூரி பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். தறி ஓட்டுகிறவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அங்கன்வாடி வேலைக்குப் பத்தாவது வேண்டும். கணக்கு மட்டும் பாக்கி.

அன்று பிரதியிடல் முறை. x + y = 10, x − y = 4. முதல் சமன்பாட்டிலிருந்து y = 10 − x என்று எடுத்து, "இதை ரெண்டாவதுல, ஒய் இருக்கிற இடத்துல போடுங்க" என்றேன். கஸ்தூரி அதை முதல் சமன்பாட்டிலேயே திரும்பப் போட்டுவிட்டார். எல்லாம் அடிபட்டு 10 = 10 என்று வந்து நின்றது. நோட்டை என் பக்கம் திருப்பினார். "எக்ஸும் காணோம், ஒய்யும் காணோம். பத்து பத்துதான்னு எனக்கு முன்னமே தெரியுமே சார்!"

வாசலில் நின்றவர்

வகுப்பு முடிகிற நேரத்துக்கு அவர் கணவர் பாபு, கஸ்தூரி வாயில் "பாவா", பைக்கில் வந்து வாசலில் நிற்பார். உள்ளே வரமாட்டார், சிரிக்கவும் மாட்டார். மனைவி படிப்பது பிடிக்கவில்லை போலும், என்றைக்காவது நிறுத்திவிடுவார் என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தார். சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"சார், அடைப்புக்குறிக்கு முன்னாடி மைனஸ் இருந்தா உள்ள இருக்கிற ரெண்டும் மாறணுமா, மொதல்ல இருக்கிறது மட்டுமா? நேத்துலேருந்து வூட்ல சண்டை போட்டுகினு இருக்கோம்."

ரிசல்ட்

என்னிடம் படித்து எழுதிய முதல் தேர்வில் தவறிவிட்டார். கொஞ்சம் மார்க்தான் குறைவு. அதனாலேயே அதிகம் வலித்தது. இனி வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்கினார், கண்கள் வீங்கியிருந்தன. ஆறுதலாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "அழுது முடிச்சிட்டுதான் வந்துக்கிறேன் சார். நீங்க கணக்கப் போடுங்க."

மலைக்குப் போய் வந்தார்கள்

அடுத்த தேர்வில் பாஸ். அந்த வாரமே இருவரும் முருகன் மலையிலிருந்து இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். பாபுவுக்கு மொட்டை, தலை முழுக்கச் சந்தனம். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "நீங்களா வேண்டிக்கிட்டீங்க?" என்று அவரிடம் கேட்டேன். கஸ்தூரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேண்டிக்கினது நான்தான் சார். முடி போவுதேன்னு படியில உக்காந்து அழுதேன். பாவா போயி தலையக் குடுத்துட்டாரு."

பாஸானால் முருகன் செயல், ஃபெயிலானால் சார் நடத்தின லட்சணம். எங்கள் தொழிலின் கணக்கு இவ்வளவுதான்.