பதினோரடிச் சக்கரமும் நானும்

சாலை அளக்கிறவனுக்குக் கால்வலிகூடப் பெரிதில்லை, வாய்க்குள் எண்ணிக்கொண்டு போகும்போது எதிரே வருகிறவர் "சௌக்கியமா?" என்று கேட்பதுதான் பெரிய உபத்திரவம். எதையாவது எண்ணிப் பிழைக்கிற வாசகர்களுக்கு என் பாடு புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மைல்கல் நடுவதற்காகத் தென்காசி வட்டாரச் சாலைகளில் ஒற்றைச் சக்கரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு திரிந்தேன். குறுக்களவு மூன்றரை அடி, சுற்றளவு பதினோரு அடி. ஒரு ஆரக்காலில் சிவப்புத் துணி கட்டியிருப்போம். துணி நானூற்றெண்பது தடவை மேலே வந்தால் ஒரு மைல்.

சாரலில் சுருங்கிய சாலை

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு முதலில் வெயில் காலத்தில் அளந்தேன். மேலதிகாரி சரிபார்க்கச் சொன்னபோது நல்ல சாரல். இந்தத் தடவை முப்பது சுற்றுக்குமேல் குறைந்தது. வேலைக்கே உலை வைத்துவிட்டது என்று பாலச்சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

கூட வந்த மாடசாமி சக்கரத்தைத் தடவிப் பார்த்தான். விளிம்பு முழுக்க அரை அங்குலத்துக்குச் செம்மண் சேறு அப்பியிருந்தது. சக்கரம் பெருத்ததால் சுற்று குறைந்திருக்கிறது! வழித்துப் போட்டுவிட்டு அளந்தோம், கணக்கு சரியாக வந்தது. மாடசாமி சிரித்தான்: "சாரல் விழுந்தா குத்தாலமே தென்காசிப் பக்கம் நவுந்து வந்துருதே அண்ணாச்சி!"

பேச்சியம்மாளின் கேள்வி

பேச்சியம்மாள் குற்றாலத்திலிருந்து தினமும் பலாச்சுளைக் கூடையோடு தென்காசிச் சந்தைக்கு நடப்பவள். ஒருநாள் என் சக்கரத்தோடு கூடவே வந்தாள். நான் எண்ணுவதைப் பார்த்துவிட்டு வழிநெடுக வாயே திறக்கவில்லை. அந்தக் கருணையை நான் மறக்கமாட்டேன்.

சந்தை வந்ததும்தான், "நான் எம்புட்டுத் தூரம் நடக்கேன்?" என்று கேட்டாள். போக வர ஆறு மைலுக்குமேல், இந்தச் சக்கரம் மூவாயிரம் தடவை உருளவேண்டும் என்றேன். கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "கேக்காமலே இருந்திருக்கலாம் ஐயா. இத்தன நாளும் வலிக்காத காலு இப்பம்லா வலிக்குது!"

ஐந்தாவது மைல்

வடகரைப் பக்கம் ஒரு சிற்றூர். தென்காசியிலிருந்து ஐந்தாவது மைல் ஊர்முகப்புப் புளியமரத்தடியில் முடிந்தது. கல் நட்டுக்கொண்டிருந்தபோது செல்லத்தாய் என்ற பெண் ஓடிவந்தாள். புருஷன் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். தென்காசி தர்ம ஆஸ்பத்திரி டாக்டர் ஐந்து மைலுக்குள்தான் வீடு தேடி வருவார் என்பது அங்கே சட்டம். "எங்க வீடு கல்லுக்கு உள்ளயா, வெளியவா ஐயா?"

அவள் வாசல்வரை உருட்டினேன். நாற்பது சுற்று கூடுதல். மனசு கேட்காமல் திரும்பவும் உருட்டினேன், அதே நாற்பது. சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள் கேட்டாள்: "மரத்தடியில கட்டிலப் போட்டா வருவாரா?"

கட்டிலோடு தூக்கிவந்து கிடத்தினோம். மாடசாமி சைக்கிளில் தென்காசிக்குப் பறந்தான். வில்வண்டியில் வந்திறங்கிய டாக்டர் மரத்தையும் கல்லையும் கட்டிலையும் மாறிமாறிப் பார்த்தார். பெட்டியைத் திறந்து ஊசி போட்டார். பிறகும் பலநாள் வந்தார். அந்த மனிதர் பிழைத்து எழுந்து வயலுக்குப் போனார். ஆனால் முதல்நாள், நாற்பது சுற்றுக் கதையை நான் சொல்லி முடித்ததும் டாக்டர் எரிந்து விழுந்தது இன்னும் காதில் இருக்கிறது: "அஞ்சு மைல் வந்தவன் அந்த வாசலுக்கு வரமாட்டேனா? காத்து அடிக்குது, முதல்ல கட்டிலைத் தூக்குங்க!"

இவ்வளவு பாடுபட்டு அளந்து நட்ட கற்களில் பாதி இன்றைக்கு மாடுகள் முதுகு சொறிந்துகொள்ளத்தான் உதவுகின்றன, அவையாவது தூரம் எவ்வளவு என்று என்னைக் கேட்பதில்லை.