காலையில் நான், மாலையில் அத்தான்

அத்தான் ரெண்டடி ஓடி வந்து சைக்கிளின் பின்னால் தாவி உட்காரும்போது வண்டி ஒரு தடவை அமுங்கி எழும். ஹேண்டில்பார் இடது பக்கம் இழுக்கும். நான் அதை நேராக்குவதற்குள் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்: "ம், போகலாம் மாப்ளே." அவர் என் அக்காவின் கணவர். நல்ல உயரம், அதற்கேற்ற கனம். ஐம்பதுகளின் கடைசியில் நாலு வருஷம் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி கன்டோன்மென்ட் வரைக்கும் அந்தக் கனத்தைத் தினமும் காலையில் நான் மிதித்துக்கொண்டு போனேன். இப்போதும் யாராவது என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. ஏறியவர் பாவம், காரணம் தெரியாமல் விழிப்பார்.

இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ். அத்தான் அங்கே சர்வேயர். மூன்று கால் ஸ்டாண்டில் கருவியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்து, எந்த இடம் எந்த இடத்தைவிட எத்தனை அடி உயரம் என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். நான் தற்காலிக ட்ரேசர். மற்றவர்கள் பென்சிலில் போட்ட படத்தை மையில் நகலெடுக்கிற வேலை. அதை வாங்கிக் கொடுத்தவரும் அத்தான்தான். வீட்டில் இருந்தது ஒரே சைக்கிள். நான் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்த வாரமே அவர் ஏற்பாட்டைச் சொல்லிவிட்டார். "காலையில நீ மிதி, சாயங்காலம் நான் மிதிக்கிறேன். யாருக்கும் குறையில்ல." ஆபீசில் பார்த்ததும் நாலு பேர் எழுந்து நிற்கிற மனுஷர், இருபது வயதுப் பயலைப் பின்னால் வைத்து மிதிக்கிறேன் என்கிறாரே என்று நான் உருகிப்போனேன்.

காவிரிப் பாலத்துக்கு ஏறும் மேட்டில் எனக்கு முதல் வேர்வை வரும். பாலம் முடிந்து சிந்தாமணிப் பக்கம் இறங்கும்போது கொஞ்சம் மூச்சு விடலாம். அப்போதெல்லாம் சைக்கிளில் டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிக்கும். மெயின் கார்டு கேட்டில் போலீஸ்காரர் தொப்பி தெரிந்ததுமே அத்தான் இறங்கிவிடுவார். யாரோ தெரியாத ஆள் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். திருப்பம் தாண்டியதும் மறுபடி அந்தத் தாவல், அந்த அமுங்கல். அப்புறம் தென்னூர், உய்யக்கொண்டான் வாய்க்கால், புத்தூர் என்று போகப் போகத் தொடை கல்லாகிவிடும். எனக்குப் பாலத்து மேட்டைத் தவிர வேறு ஏற்றம் இருப்பதாகவே தோன்றியதில்லை. திருச்சியில் மலை என்றால் மலைக்கோட்டைதான். அவ்வளவு பெரிய பாறை கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது மற்ற இடமெல்லாம் தட்டையாகத்தான் தெரியும். "என்ன அத்தான், இப்படி இழுக்குது?" என்றால், "எதிர்க்காத்து மாப்ளே" என்பார். ஆடியில் சொன்னார், சரி. ஐப்பசியில் காற்று திசை மாறி முதுகில் அடித்தபோதும் அதையேதான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

மாலையில் அவர் மிதிக்கும்போது வண்டி அலுங்காமல் போகும். பழகின கால் என்று நினைத்துக்கொள்வேன். பாலத்து மேடு வந்ததும் மட்டும், "கொஞ்சம் காவேரிக் காத்து வாங்கிட்டு நடப்போமே" என்று இறங்கிவிடுவார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடப்போம். காலையில் அதே மேட்டில் காவேரிக் காற்று வாங்க அவர் ஒரு நாளும் இறங்கியதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ட்ரேசிங் துணி என்று ஒன்று உண்டு. கஞ்சி போட்டு மெருகேற்றிய, லேசாக நீலம் ஓடிய துணி. அதன்மேல் மயிரிழை மாதிரிக் கோடு போட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், கஞ்சி கரைந்து அந்த இடம் பூத்துவிடும், படமே வீண். எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் காலை வெளிச்சத்தில்தான் நுணுக்கமான கோடுகளைப் போடச் சொல்வார். எனக்கோ காலையில் நெற்றியிலிருந்து வேர்வை நின்றபாடில்லை. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்த கை பதினோரு மணி வரை நடுங்கும். எத்தனை துணியைப் பாழாக்கினேன் என்று எனக்கே தெரியாது. மதியத்துக்கு மேல் என் கோட்டைப் பார்த்து அவரே ஆச்சரியப்படுவார்.

நாலாவது வருஷம் ஒரு நிரந்தர இடம் வந்தது. எனக்கு அது வேலை மட்டுமில்லை. அப்பா போனபின் அம்மா வையம்பட்டியில் சித்தப்பா வீட்டில், அவர்கள் அடுப்படியில் வெந்துகொண்டிருந்தாள். நிரந்தரமானால் ஸ்ரீரங்கத்திலேயே ஒரு சின்ன வீடு பிடித்து அவளை அழைத்து வருவதாகக் கடிதம் போட்டிருந்தேன். இடம் எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குப் போயிற்று. கை சரியில்லை என்று எழுதிவிட்டார்கள். அன்று மாலை அத்தான் என் தோளைத் தட்டி, "மனசை விடாதே மாப்ளே, உனக்கு அமைப்பு அப்படி" என்றார். அமைப்பாம். அந்த ஆறுதலுக்காக அவர்மேல் பிரியம் இன்னும் கூடியது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அடுத்த மாதம் பழைய படங்களைப் புதுத் துணியில் எடுக்கச் சொன்னார்கள். ஒரு நாள் மதியம் என் மேஜைக்கு வந்தது ஒரு ரோட்டின் லெவல் படம். இடது ஓரத்தில் காவிரிப் பாலம், வலது ஓரத்தில் கன்டோன்மென்ட். நடுவில் ரோட்டின் ஏற்ற இறக்கம் ஒரே கோடாக. பாலத்தில் ஒரு சின்னத் திமில், சிந்தாமணியில் இறக்கம், பிறகு நான் பேனாவை வலப்பக்கம் நகர்த்த நகர்த்த அது மேலே போய்க்கொண்டே இருந்தது. இந்தப் படங்களில் உயரத்தைப் பெரிதாக்கித்தான் போடுவார்கள், சின்ன மேடும் மலையாகத் தெரியும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு இடத்தையும் என் தொடை அடையாளம் கண்டுகொண்டது. வாய்க்கால் தாண்டி எங்கே எனக்கு மூச்சு முட்டுமோ அங்கே கோடு நிமிர்ந்து நின்றது. கீழே லெவல் எடுத்தவர் கையெழுத்து. அத்தானுடையது. தேதி, நான் ஸ்ரீரங்கத்துக்கு வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி.

அப்போதும் நான் கோபப்படவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்தேன். சந்தோஷம்கூட வந்தது, என் கையில் குறையில்லையே! ஹெட் டிராஃப்ட்ஸ்மேனிடம் போய், காலையில் ஏற்றத்தில் ஆளை வைத்து மிதித்து வருவதால்தான் நடுக்கம், அடுத்த தடவை மதியத்தில் சோதித்துப் பாருங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? பேரை அனுப்பறதுக்கு முன்னாடி உங்க அத்தான்கிட்டயே கேட்டேனே. சின்ன வயசுலேருந்தே நரம்புத் தளர்ச்சி, கை நடுங்கும்னாரு. வீட்டு மனுஷரே சொன்னா நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க." ஒரு வார்த்தை. 'என்னை வைத்து மிதித்து வருகிறான்' என்ற ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை எனக்கு. அதைச் சொல்ல அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, எனக்கு வியாதி கற்பிக்க இடம் கொடுத்தது.

அன்று மாலை பின்னால் உட்கார்ந்து அவர் கால்களையே பார்த்தேன். புத்தூரிலிருந்து தென்னூர் வரை அவர் பத்துத் தடவைகூட மிதிக்கவில்லை. பெடலில் கால் சும்மா இருந்தது. வாயில் ஏதோ மெட்டு. வெள்ளைச் சட்டை காலையில் அக்கா போட்ட மடிப்புக் கலையாமல் காற்றில் படபடத்தது. பிடித்துத் தள்ளிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது நிஜம். தள்ளினால் நானும்தான் விழுவேன்.

அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அது அக்காவின் காதுக்குப் போகும். புருஷனை மலையாக நம்பிக்கொண்டிருக்கிறவள், அவள் மனதை உடைப்பானேன்? மேலும் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு அவரை வைத்து மிதித்தேன். மணப்பாறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை கிடைத்ததும், எனக்கு வாத்தியார் வேலைதான் பிடித்திருக்கிறது என்று பொய் சொல்லிப் பெட்டியைத் தூக்கினேன். அங்கே முதல் நாளே கரும்பலகையில் ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு போட்டேன். ஆனால் அம்மாவை அழைத்து வர இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. அதற்குள் அவளுக்குக் கண் மங்கிவிட்டது. நான் பிடித்த வீட்டை அவள் சுவரைத் தடவித் தடவித்தான் பார்த்தாள்.

அத்தான் காலமாகிப் பல வருஷமாகிறது. போன வருஷம் ஸ்ரீரங்கத்துக்குப் போயிருந்தபோது, சாப்பாடு போட்டுக்கொண்டே அக்கா பழைய கதைகளை எடுத்தாள். சைக்கிள் பேச்சு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாவம்டா நீ. நான்தான் அவர்கிட்ட சொன்னேன், காலையில தம்பி மிதிக்கட்டும், நீங்க வேர்த்து விறுவிறுத்துப் போய் ஆபீசர் முன்னாடி நிக்க வேணாம்னு. போறப்ப ஏத்தம், வர்றப்ப இறக்கம்னு அவரு சொல்லித்தான் எனக்கே தெரியும்."

இத்தனை வருஷம் யாருக்காக வாயைத் திறக்காமல் இருந்தேனோ, அவளிடமே அன்று சொன்னேன். அதனால்தான் கை நடுங்கியது, அதனால்தான் நிரந்தர வேலை கைவிட்டுப் போயிற்று, அத்தான் என்ன சொன்னார் தெரியுமா என்று. அக்கா கரண்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"தெரியும்டா. அன்னிக்கே வந்து சொன்னாரு. தப்புப் பண்ணிட்டேன், அவன்கிட்ட சொல்லிடறேன்னு ரெண்டு நாள் தவிச்சாரு. நான்தான் வேணாம்னு தடுத்தேன். தெரிஞ்சா நீ கோவிச்சுக்கிட்டுப் போயிடுவே. அப்புறம் காலையில அவரை யாரு கூட்டிட்டுப் போறது?"

கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்றாள். போதும் என்றேன். வாசல் வரை வந்து, அடுத்த மாசமும் வாடா என்றாள். சரி என்றேன். அதற்குப் பிறகு மூன்று கடிதம் போட்டுவிட்டாள். நான் இன்னும் போகவில்லை.