ஆவணியில் வாங்கிய முழுப் பணம்

மணப்பெண் அலங்காரம்தான் என் பிழைப்பு. கடை கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கோ மண்டபத்துக்கோ நானே போய்விடுவேன். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ஒரே நாளுக்கு நாலு வீட்டில் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டுக்குத்தான் வாக்குக் கொடுக்க முடியும். அந்தக் கல்யாணம் நின்றுபோனால் மற்ற மூன்றும் அதற்குள் வேறு ஆளிடம் போயிருக்கும். வைகாசியில் எனக்கு அப்படி இரண்டு நின்றன. கொடுத்த அட்வான்ஸையும் திருப்பிக் கேட்டார்கள். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் நியாயம் பேச யாருக்கு வாய் வரும்? கொடுத்துவிட்டு வந்து, வளையலை அடகு வைத்து வீட்டு வாடகை கட்டினேன்.

அந்த எரிச்சலில்தான் ஆவணிக்கு ஒரு தாள் அச்சடித்தேன். கல்யாணம் நின்றால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது என்று ஒரே ஒரு வரி. அகரத்தில் ஒரு வீட்டில் முதன்முதலாக அதை நீட்டினேன். பெண்ணின் அம்மா வாசித்தார். முகம் சுண்டிப்போனது.

“ஏம்மா, வெத்தல பாக்கு வச்சிருக்க எடத்துல இதையா நீட்டுவ? நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு?”

எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டில் ‘நின்றால்’ என்ற சொல்லை எடுக்கவே கூடாது. தெரிந்தும் அச்சடித்த புத்திசாலி நான். தாளை மடித்துப் பைக்குள் திணித்தேன். வெற்றிலை மேல் ஐயாயிரம் வைத்துக் கொடுத்தார். மீதிப் பதினைந்தாயிரம் தாலி கட்டி முடிந்ததும் என்று பேச்சு.

ஒரு வாரம் கழித்து, ட்ரையல் மேக்கப்புக்குப் போனேன். அறையில் நானும் பெண்ணும் மட்டும். கண்ணுக்கு மை தீட்டத் தீட்ட நீர் ஊறி அழிந்தது. மூன்று தடவை துடைத்துவிட்டுத் தீட்டினேன். நாலாவது தடவை மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, இது நடக்கலேன்னா ஒங்களுக்கு ரொம்ப நஷ்டமாகுமா?”

என் கை அப்படியே நின்றது. வெளியே அவள் அம்மா, பத்திரிகை இன்னும் நூறு வேண்டும் என்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏன் அப்புடிக் கேக்குற?”

“சும்மாதான்க்கா.”

கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்தாள். நான் இன்னொரு வார்த்தை கேட்பேன் என்று காத்திருந்தாள். அது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது என் மண்டைக்குள் ஓடியது பதினைந்தாயிரம் ஒன்றுதான். அதே நாளுக்கு நத்தம் ரோட்டில் வந்த கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

“அதெல்லாம் நல்லா நடக்கும். தலைய நேரா வையி” என்றேன்.

மறுநாள் காலையிலேயே அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். வாடகை நகைக்கும் பூவுக்கும் முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருக்கிறது, மீதியையும் இப்போதே தந்துவிடுங்கள் என்றேன். நகைக்காரர் அப்படி எதுவும் கேட்கவில்லை.

“அதுக்கென்னம்மா, வாங்கிக்க. ஒன்னய ராசியான கைன்னு சொன்னாக” என்றவர், சாயங்காலமே அனுப்பிவிட்டார். வளையலை மீட்டேன். ஆனால் அதன் பிறகு போன் அடித்தாலே அந்த வீட்டு நம்பரா என்றுதான் முதலில் பார்த்தேன். அந்தப் பெண்ணின் வாட்ஸ்அப் படம் காணாமல் போனது. பூ என்ன நிறம் வேண்டும் என்று கேட்டு அனுப்பிய செய்தி போய்ச் சேராமல் ஒற்றை டிக்கிலேயே கிடந்தது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பணம் கைவிட்டுப் போகும் என்ற பயம்.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, மத்தியானம், பெண்ணுடைய அம்மாவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. கல்யாணம் நின்றுவிட்டது, பணத்தைக் கேட்கப் போகிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. சொல்ல வேண்டிய பதிலை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

“காலைல பால் வாங்கப் போன புள்ளயக் காணோம்மா. அவுக அப்பா கெணறு கெணறாப் பாத்துக்கிட்டுத் திரியிறாக.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

“பணம் கெடக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னைக்கு அவகூட இருந்துட்டுப் போன மறுநாளே முழுசாக் கேட்டியே. ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?”

“இல்லம்மா” என்றேன்.

அவள் இன்னும் வீடு திரும்பவில்லை. பணத்தை யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை.