மாதா கோயில் வாசலில் ஒரு தலைப்பாகை

இன்று காலைப் பூசைக்கு வாசலில் பை பார்க்கும் முறை எனக்கு. இலங்கையில் ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் வெடித்த குண்டுகளுக்குப் பிறகு எங்கள் பதுளைக் கோயிலில் இது வழக்கமாகிவிட்டது.

தாடியும் தலைப்பாகையுமாக ஓர் ஆள் வந்தார். முதுகில் பெரிய பை. நான் கையை நீட்டி அவரை நிறுத்தினேன்.

ஹாலிஎல தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் மேரி அக்காவும் என்னோடு நின்றார். "அந்தத் தாடியப் பாரு தம்பி. மொதல்ல போலீசுக்கு கோல் எடு" என்று என் காதுக்குள் சொன்னார்.

அந்த ஆள் தானாகவே பையைத் திறந்தார். தண்ணீர்ப் போத்தல், மழைக்கோட்டு. நிம்மதியாக மூச்சு விடப் போனேன், அவருடைய சட்டை விலகியது. இடுப்பில் ஒரு சின்னக் கத்தி.

வாசலை மறித்து நின்றேன். அவருக்குப் பின்னால் பிள்ளைகளோடு வரிசை நின்றது.

அவரும் பயந்துபோய் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "நான் சீக்கியன். பஞ்சாபிலிருந்து இங்கே எல்ல என்ற மலையூரைப் பார்க்க வந்தேன். இது எங்கள் சமய அடையாளம், யாரையும் குத்துவதற்கில்லை. வேண்டாமென்றால் வெளியிலேயே நின்று கும்பிடுகிறேன்" என்றார் ஆங்கிலத்தில்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் மேரி அக்கா உரக்கச் சிரித்தார். "அட, முஸ்லிம் ஆளு இல்லயாம்! பயப்படாதீங்க, உள்ள விடுங்க!"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எதிரே கடையைத் திறந்துகொண்டிருந்த, நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் ரவூப் நானா மட்டும் சிரிக்கவில்லை. எங்களைப் பார்த்தார். திறந்த கதவை மறுபடியும் பாதி சாத்தினார்.

கத்தியைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

நாளைக் காலைச் சாப்பாட்டுக்குப் பாண், ரொட்டி வாங்க அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும். எந்த முகத்தோடு போகட்டும்? அந்த வரிசையில் நின்றிருந்தால் சிரித்திருக்க மாட்டேன் என்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.