வக்கீலம்மா கார் பார்த்த கதை

கும்பகோணம் நீதிமன்றத்தில் சுடர்விழி குறுக்கு விசாரணை செய்யப்போகிறார் என்றால், எதிர்த்தரப்புச் சாட்சிகள் வயிறு சரியில்லை என்று வாய்தா கேட்பார்கள். பங்குனி மாதத்தில் ஒரு நாள் அவர் தஞ்சாவூரில் ஒரு கார் ஷோரூமுக்குள் நுழைந்தபோது, கழுத்தில் டை கட்டி வரவேற்ற விற்பனையாளர் பரிதிக்கு இது தெரியாது. பாவம்.

கூட வந்திருந்தவர் காதர் மைதீன். அதே நீதிமன்றத்து வக்கீல், இருபது வருடப் பழக்கம், கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். உள்ளே வந்ததும் நேராக ஒரு பெரிய ஜீப் மாதிரியான வண்டியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

“இத எடு சுடர். வக்கீலுன்னா உயரத்துலேர்ந்து இறங்கி வரணும். அப்பதான் கட்சிக்காரனுக்கு ஒரு பயம் இருக்கும்.”

“என் கட்சிக்காரங்க வாழ்நாள் பூரா அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து வலிச்சவங்க அண்ணே. நானும் மேல உக்காந்துக்கிட்டா அவங்க என்னதான் பண்ணுவாங்க?”

“ஆரம்பிச்சிட்டியா! காரு வாங்க வந்தமா, கூட்டம் போட வந்தமா?”

சுடர்விழி சிரித்தபடியே அடுத்திருந்த வண்டியிடம் போனார். அதற்காகத்தான் வந்திருந்தார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சின்ன சொகுசு செடான். நீளமும் அதிகமில்லை, உயரமும் இல்லை. பானெட்டில் தொடங்கும் ஒரு கோடு கதவுகளின் மேலாக ஓடி, எங்கும் தயங்காமல் பின்விளக்கில் போய் முடிந்தது. தேவையில்லாத ஒரு மடிப்போ, ஒட்டுவேலையோ கிடையாது. நல்ல தீர்ப்பு ஒன்றைப் படிப்பது போல இருந்தது அவருக்கு.

வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அம்பேத்கர் நகரில், பண்ணை வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவர் சுடர்விழி. திருச்சியில் சட்டம் படித்தார். உயர் நீதிமன்றத்துக்குப் போனால்தான் பெயர் கிடைக்கும் என்றார்கள். பெயர் ஏற்கெனவே அப்பா வைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினார். தெருக்காரர்கள் தலைமுறையாகக் குத்தகைக்கு உழுத நிலம் அவர்கள் பெயரில் எந்தப் பதிவிலும் இல்லை. கிராமத்து அடங்கல் கணக்கில் இல்லாதவன் வயலில் இருந்தாலும் இல்லாதவன்தான் என்பது அந்தக் காலத்து நியாயம். பதினோரு வருடம் வழக்காடி அந்த நிலத்தை அவர்கள் பெயருக்கு மாற்றிய பிறகுதான் சுடர்விழி தனக்கென்று எதையும் நினைத்துப் பார்த்தார். அதுவரை பல் மருத்துவர் ஒருவரிடமிருந்து கைமாறி வந்த பழைய கார்தான். மழை பெய்தால் அதற்குள்ளும் பெய்யும்.

இப்போது ஒரு நல்ல கார் வேண்டும். நல்ல கார் என்றால் அழகான கார். அழகான பொருளை விரும்பும் உரிமை இன்னாருக்குத்தான் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் ஆசைப்பட்டதற்காக ஆராயாமல் வாங்குகிறவரும் அல்ல அவர்.

“இந்தக் கூரை பின்னால சரிஞ்சு இறங்குதே, எதுக்கு?” விசாரணை தொடங்கியது.

“ஸ்போர்ட்டி லுக் மேடம்.”

“பின்சீட்டுல உக்காருறவங்க தலைக்கு?”

“சராசரி உயரம்னா இடிக்காது மேடம்.”

“யாரோட சராசரி? வெள்ளைக்காரங்களோடதா, நம்மளோடதா?”

பரிதி டையைத் தளர்த்திக்கொண்டார். காதர் மைதீன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

“சரி. இதே நீளம், இதே சக்தி உள்ள சாதாரண வண்டி இதுல பாதி விலைக்குக் கெடைக்குது. மீதிப் பாதி எதுக்கு?”

பரிதி சொன்னார். வேகத்தில் வளைந்தால் சாயாது. மோதினால் உள்ளே இருப்பவரைக் காக்கும் உடல்கட்டு. முதுகை வலிக்கவிடாத இருக்கை. வெளிச்சத்தம் கேட்காத கதவு. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தன. கடைசியில் ஸ்டீயரிங்கின் நடுவில் இருந்த வெள்ளிச் சின்னத்தை விரலால் தொட்டுக் காட்டி, “அதுக்கும் மேல, இது இருக்கே மேடம்!” என்றார் பக்தியோடு.

சுடர்விழிக்குச் சுருக்கென்றது. பெயருக்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டிக்கொண்டு, நான் என்ன செய்தேன் என்று கேட்காதே, யார் வீட்டில் பிறந்தேன் என்று பார் என்பார்களே, அதுதானே இது? வண்டிக்கும் சாதியா? கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அந்தச் சின்னத்தின் மேல் போட்டு, ஓரங்களைச் செருகி மூடினார்.

“இது இல்லாம வண்டி எப்படி ஓடுதுன்னு பாப்போம்.”

பரிதிக்கு வியர்த்தது, ஆனாலும் விற்பனையாளர் அல்லவா, அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். “ஓட்டிப் பாக்க நீங்க இங்க வரவே வேணாம் மேடம். வீட்டுக்கே கொண்டாந்து காட்டுவோம். போன வாரம் ஒரு பெரிய பண்ணை வீட்டுக்குக் கொண்டு போனோம். வாசல்ல நிறுத்தி, குடும்பமே ஏறிப் பாத்தாங்க. அட்ரஸ் மட்டும் சொல்லுங்க.”

“நல்லது. எங்க அக்கா வீட்டுக்கு வரட்டும். அவங்க ஏறிப் பாக்கணும்.” ஊரின் பெயரைச் சொன்னார்.

“தெரு?”

“அம்பேத்கர் நகர்.”

போனில் முகவரியைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுப் பரிதி மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

“மேடம், வண்டி மெயின் ரோட்டுல, பிள்ளையார் கோயில் கிட்ட நிக்கட்டுமா? அக்கா அங்க வந்து பாத்துக்கட்டும். தெரு சின்னதா இருக்கும்னு மேனேஜர்...”

காதர் மைதீன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சுடர்விழி அவரைக் கையால் அமர்த்தினார். நீதிமன்றத்தில் குரல் உயர்த்துவது ஆதாரம் இல்லாதவர்கள் செய்கிற வேலை என்பது அவர் கொள்கை.

“தெரு எவ்வளவு அகலம்னு கேட்டீங்களா பரிதி?”

“இல்ல மேடம்.”

“கேக்காமலே சின்னதுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

பரிதி கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார்.

“நெல்லு அறுக்குற மெஷின் போயிட்டு வர்ற தெரு அது. போன வாரம் போன பண்ணை வீட்டுத் தெருவ அளந்துட்டா போனீங்க?”

“நான் சொல்லல மேடம். மேனேஜர்தான்...”

“அப்ப அவர வரச் சொல்லுங்க.”

மேலாளர் சிரித்த முகமாக வந்தார். வாடிக்கையாளர்தான் எங்கள் தெய்வம் என்று தொடங்கினார்.

“தெய்வமெல்லாம் வேணாம் சார். அதுக்கும் எங்க தெருவுக்கும் என்னைக்கும் ஆவல. மனுஷியா நடத்துனா போதும். உங்க வண்டி எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாதுன்னு சொல்லிடுங்க. எங்க தெருவுக்கு வராத வண்டி எவ்வளவு அழகா இருந்தாலும் எனக்கு வேணாம்.”

மேலாளர் காதர் மைதீனின் கறுப்புக் கோட்டைப் பார்த்தார். சுடர்விழியைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி நேராக அக்கா வீட்டு வாசலுக்கே வரும் என்றார்.

ஞாயிறன்று தஞ்சாவூரிலிருந்து பரிதி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சுடர்விழியே ஓட்டினார். அன்றைக்கும் கைக்குட்டை சின்னத்தின் மேல் இருந்தது. பாபநாசம் தாண்டி வலங்கைமான் பக்கம் திரும்பும் வரை அவர் வண்டியிலேயே கவனமாக இருந்தார். வண்டி சொன்னதைக் கேட்டது. குழியில் இறங்கி ஏறியபோது முதுகுக்குச் செய்தி வரவில்லை. எதிரே வந்த லாரிக்காக ஓரம் ஒதுங்கியபோது அவர் நினைப்பதற்குள் ஒதுங்கியிருந்தது. மூடி மறைத்தும் இவ்வளவு நன்றாக ஓடுகிறதே, அப்படியானால் இது உழைத்துச் சம்பாதித்த பெயர்தான் என்று தனக்குள் ஒப்புக்கொண்டார். ஆனால் வேகத்தடைகளில் அடிவயிறு உரசியது. ஒவ்வொரு முறையும் பரிதிதான் வலித்தது போல முகத்தைச் சுளித்தார்.

தெருவுக்குத் திரும்பும் தார்ச்சாலையில் காய்ந்த உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். கதிரடிக்கும் ஊர்க்களம் ஊர்த்தெருச் சாதிக்காரர்களுக்கு, இவர்களுக்குத் தார்ச்சாலை. போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தால் நெற்று உடைந்து உளுந்து உதிரும். அந்தக் களத்தில் பங்கு கேட்டும் சுடர்விழி ஒரு வழக்குப் போட்டிருக்கிறார், நடக்கிறது.

காரைக் கண்டதும் உளுந்தைக் காத்துக்கொண்டிருந்த பெண்கள் பரபரவென்று எழுந்தார்கள். கவைக் கம்பால் முன்னால் கிடந்த செடியை வாரி ஒதுக்கினார்கள். கார் நெருங்கியதும் சாலையோரமாய்ப் போய் வரிசையாக நின்றார்கள்.

சுடர்விழியின் கால் தானாக பிரேக்கை அழுத்தியது. பண்ணையார் வீட்டு கார் வந்தால் அப்பா இதே இடத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி நிற்பார். கார் போன பிறகுதான் கரையேற வேண்டும். இன்றைக்கு என் காருக்கா? என் சனங்களா? ஒரு நொடியில் அந்த அழகெல்லாம் அவருக்குக் கசந்து போனது. கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினார்.

“யாரும் ஒதுங்க வேணாம்! அப்படியே போட்டு வைங்க! எனக்காக ஒருத்தரும் வழி விட வேணாம்!”

“ஏய்! வண்டிய அங்கயே நிறுத்துடி!” கம்பை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தார் ரெங்கம்மாள். அக்கா. “ஒரு அடி முன்ன வந்துச்சு, கண்ணாடிய ஒடச்சிருவேன்!”

“அக்கா, எனக்காக நீங்க எதுக்கு...”

“உனக்காக யாருடி ஒதுக்குனா? ஒதுக்குனது உளுந்த! அது வயிறு தரையில இழுக்குது, கண்ணு தெரியல? பஸ்ஸு போனா மிதிச்சுட்டுப் போவும். இது செடியோட வழிச்சுக்கிட்டுல்ல போவும்!”

“அப்ப ஏன் எல்லாரும் ஓரமாப் போயி நின்னீங்க?”

“காரு வந்தா ஓரமா நிக்காம நடுவுலயா நிப்பாங்க? நல்லா வக்கீலுக்குப் படிச்ச போ!”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பக்கத்து வீட்டுச் செம்மொழிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. “நம்ம வக்கீலம்மா காருக்கு நம்ம கும்புடு போடுறோம்னு நெனச்சுட்டா அக்கா! நெனப்புதான்!”

“நில்லு. அந்தப் பக்கம் கெடக்குறத இன்னும் புரட்டி ஒதுக்க வேண்டியிருக்கு. முடிச்சிட்டு வழி விடுறோம்” என்றார் ரெங்கம்மாள். அது வேண்டுகோள் அல்ல, உத்தரவு.

கார் நின்றது. இயந்திரம் தானே அணைந்து அமைதியானது. உள்ளே பரிதி கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. பெண்கள் அவசரமே இல்லாமல் செடியைப் புரட்டினார்கள். பின்னால் வந்த மினிபஸ் ஓரமாக இறங்கி, பரப்பிய உளுந்தின் மேல் ஏறி நறநறவென்று போனது. ஓட்டுநர் கையசைத்தார். சுடர்விழி கதவில் சாய்ந்தபடி நின்றார். வெட்கம் கொஞ்சம், மீதியெல்லாம் பெருமை. தங்கள் நிலத்தில் தாங்கள் விதைத்த பயிருக்காக, ஊரிலேயே விலையுயர்ந்த காரை வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் இவர்கள். எந்தத் தீர்ப்பு நகலிலும் அவர் இதைப் பார்த்ததில்லை.

பிறகு கார் தெருவுக்குள் போனது. தெரு அதற்குத் தாராளமாகவே இருந்தது. ரெங்கம்மாள் காலைக் கழுவிவிட்டுப் பின்சீட்டில் ஏறினார். நடவு நட்டு வளைந்த இடுப்பு அது. பொறுமையாக உட்கார்ந்து, மேலே கூரையைத் தடவிப் பார்த்தார்.

“தலை இடிக்கல. ஆனா கெணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. சன்னலு சின்னது. நான் முன்னாடிதான் உக்காருவேன், சொல்லிட்டேன்.” முன்னால் மாறி உட்கார்ந்தார். சாய்ந்தார். கண்ணை மூடினார். “ம்... இது சரி. இடுப்புக்கு அணைப்பா இருக்கு.”

“இந்தக் காசுக்கு எத்தன மா நெலம் வாங்கலாம்?” என்று கேட்டார் வெளியே நின்ற செம்மொழி.

சுடர்விழிக்குள் இத்தனை நாளும் உறுத்திக்கொண்டிருந்த கேள்வி அதுதான். பதிலுக்கு அவர் வாயெடுக்கும் முன் ரெங்கம்மாள் கண்ணைத் திறந்தார்.

“பண்ணை வீட்டுல கார் வாங்குனப்ப நீ போயி இதக் கேட்டியா? கேக்கலல்ல? நம்ம ஆளு ஆசப்பட்டாதான் கணக்குப் பாப்பியளோ! நெலமும் வேணும், காரும் வேணும். வாங்குடி நீ.”

“அடி இழுக்குதேக்கா.”

“அறுப்பு நாள்ல அங்கயே நிறுத்திட்டு நடந்து வா. கால் இருக்குல்ல?”

வாதம் முடிந்தது. கைக்குட்டையை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்ட சுடர்விழி, பரிதியிடம் பதிவு செய்துகொள்ளச் சொன்னார். பரிதியின் முகத்தில் உயிர் வந்தது. டெலிவரிக்கு நல்ல நேரம் பார்த்துச் சொல்லட்டுமா, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் நாங்களே வைத்துவிடுவோம் என்றார்.

“எலுமிச்சம்பழத்த ஜூஸ் போட்டு இவங்களுக்குக் குடுங்க, வெயில்ல நிக்கிறாங்க. எனக்கு நேரம் வேணாம், வண்டி வந்தா போதும். கறுப்பு நிறத்துல.”

“கறுப்பா?” என்றார் ரெங்கம்மாள். “சித்திர வெயில்ல கறுப்பு காரா? உள்ள வெந்து சாவவா?”

“அக்கா, கறுப்புக்கு ஒரு அர்த்தம் இருக்கு. அது எதிர்ப்போட...”

“சூட்டுக்கு அர்த்தமெல்லாம் தெரியுமாடி? கறுப்பு வெயில இழுக்கும். எதையும் ஏன் எதுக்குன்னு யோசிக்கணும்னு மேடையில பேசுற. இத யோசிச்சியா?”

கும்பகோணம் நீதிமன்றத்தில் யாரும் கண்டிராத காட்சி ஒன்றை அம்பேத்கர் நகர் அன்று கண்டது. சுடர்விழி வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றுமில்லாமல் மூடினார்.

“வெள்ளையே போட்டுக்குங்க பரிதி” என்றார்.