கத்தல் வரும் இடம்

ஆவடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நான் போகும் ஷேர் ஆட்டோவின் டிரைவர் நரைத்த தாடிக்காரர். அவர் வண்டியில் எப்போதும் ஒரே பழைய ஹெவி மெட்டல் ஆல்பம்தான் ஓடும். இடி, பேய்ச்சிரிப்பு, சங்கிலிச் சத்தம் என்று முழு நாடகம். முதல் வாரம் எனக்குத் தலைவலிதான். ஆனால் கோரஸ் குத்துப்பாட்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பூக்கூடையோடு ஏறும் அம்மாகூடத் தலையாட்டுவார். ஒரு பாட்டில் பாடகன் உயிர் போவதுபோல் கத்துவான். அங்கே மட்டும் டிரைவர் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவார்.

ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காரணம் கேட்டேன்.

"என் தம்பிக்கு உசுரான பாட்டு சார் இது. அந்தப் பாடகன் மாதிரியே மூஞ்சில மை பூசிக்கினு மொட்ட மாடில இதப் போட்டுட்டு, கரெக்டா அந்த எடத்துல அவனும் கத்துவான். நாங்க கீழ நின்னு கை தட்டுவோம். அன்னிக்கு கரண்டு ஒயர்ல கை பட்டு நெசமாவே கத்திகீறான், செத்தும் பூட்டான். நான் கீழ கை தட்டிகினு கீறேன்."

"அப்புறமும் இதையே எப்படிப் போடுறீங்க?"

"பாட்டு நல்லாத்தான சார் கீது?"

இறங்கி ஆபீஸ் லிஃப்ட்டில் ஏறிய பிறகுதான் கவனித்தேன், அந்தக் கோரஸை நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.