ஆட்சேபணை இல்லாத தீர்மானம்

பென்னாகரத்தை அடுத்த ஓர் ஊரில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிவந்த தாவூது, வீட்டு வரியை ஆண்டுதோறும் கெடுவுக்கு முன்பே கட்டியவர். 1966இல் வரி கட்டுவோரைக் கூட்டிப் பஞ்சாயத்துத் தலைவர் கேட்டார்: "வரிப் பணத்துல ஊர் முகப்புல வளைவு கட்டலாம்னு இருக்கறோம். யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்குதுங்களா?"

தம் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்கவே தாவூது போயிருந்தார். வேறு யாராவது முதலில் எழட்டும் என்று காத்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அவ்வாறே காத்திருந்தார்கள். டீ வந்தது. குடித்துவிட்டு, இன்னும் தீர்மானம் எழுதப்படாத பக்கத்தில் மரியாதைக்காகக் கையெழுத்திட்டார். அதன்மேல் "ஏகமனதாக" என்று பிறகு எழுதிக்கொண்டார்கள்.

"ஊரு பாத்திரத்துக்கெல்லாம் பூசுற ஈயத்த உங்க வாயில யாருங்க காய்ச்சி ஊத்துனாங்க?" என்று கேட்டபடி மனைவி ஜுபைதா குடத்தை எடுத்தாள்.

மூன்றே மாதத்தில் வளைவு எழுந்தது. குழாய் வரும்வரை அதனடியில்தான் அவள் தண்ணீர் சுமந்தாள்.

பதினோரு ஆண்டுகள்.